நீல மண்ணெண்ணெய், சிவப்பு டீசல்

தொண்ணூறுகளில் மும்பை தாராவி நைன்டி ஃபீட் ரோடு பக்கம் ஒரு ரேஷன் கடையில் ஐந்து லிட்டர் கேனோடு வரிசையில் நின்று வளர்ந்தவன் நான். வீட்டில் அதை மண்ணெண்ணெய் என்போம், வரிசையில் காஸ்லேட் என்போம், கடைக்காரர் ராக்கேல் என்பார். மூன்றும் ஒன்றுதான். கேன் மூடியைத் திறந்தால் வெளிறிய நீலம் தெரியும். தண்ணீர் மாதிரி இருக்க வேண்டிய எண்ணெய்க்கு நீலம் எதற்கு என்று அப்பாவிடம் கேட்டேன். "அந்தக் கலர் நமக்காகப் போட்டது இல்லடா, லாரிக்காரனுக்காகப் போட்டது" என்றார். அன்றைக்கு அது எனக்குப் பிடிபடவில்லை.

சமீபத்தில் மும்பையை ஒட்டிய கலம்போலி இரும்பு மார்க்கெட்டில், லோடு இறங்கக் காத்திருந்த நாமக்கல் டிரைவர் ஒருவர் தன் போனில் ஒரு வீடியோ காட்டினார். வெளிநாட்டுச் சாலை. அதிகாரிகள் ஒரு வண்டியை ஓரம் கட்டி, டேங்குக்குள் மெல்லிய குழாயை விட்டு டீசலை உறிஞ்சுகிறார்கள். பாட்டிலில் வந்தது ரூஹ் அஃப்சா சர்பத் போலச் சிவப்பு. அபராதச் சீட்டு எழுதுகிறார்கள். "இது என்னண்ணே சிவப்பு டீசல்? அதுல என்ன தப்பு? நம்ம ஊர்ல ஏன் அப்படி ஒண்ணு இல்ல?" என்று கேட்டார். அப்பா சொன்ன பதிலின் மறுபாதி அந்தக் கேள்வியில்தான் இருந்தது.

சிவப்பு டீசல் தரம் குறைந்த டீசல் இல்லை. பெட்ரோல் பங்கில் விற்கும் அதே டீசல்தான், வரி மட்டும் கட்டாதது. பல நாடுகளில் டீசல் வரி என்பது ஏறக்குறைய சாலைக் கட்டணம். யார் சாலையைத் தேய்க்கிறாரோ அவர் லிட்டருக்கு இவ்வளவு கொடுக்க வேண்டும். அமெரிக்காவில் 1956-இல் நெடுஞ்சாலை நிதி என்று தனி உண்டியலே வைத்து, எரிபொருள் வரியை அதில் போட ஆரம்பித்தார்கள். சரி, அப்படியானால் வயலைவிட்டு வெளியே வராத டிராக்டர், கட்டட வேலையில் நிற்கும் ஜேசிபி, ஜெனரேட்டர் எல்லாம் எதற்குச் சாலைக் காசு கொடுக்க வேண்டும்? நியாயமான கேள்விதான். அதனால் அவற்றுக்கு வரியில்லாத டீசல். அந்த டீசல் ரோட்டுக்கு வந்துவிட்டால் அடையாளம் தெரிய வேண்டும் என்பதற்காகச் சாயம்.

அமெரிக்காவில் மத்திய அரசின் டீசல் வரி காலனுக்கு 24.4 சென்ட். ஒரு காலன் மூன்றே முக்கால் லிட்டர். இதன் மேல் மாநில வரி வேறு. சாயம் போட்ட டீசலோடு நெடுஞ்சாலையில் பிடிபட்டால், டேங்கில் இருப்பதற்குக் காலனுக்கு 10 டாலர் அல்லது மொத்தமாக 1,000 டாலர், எது அதிகமோ அது அபராதம். மறுபடி மறுபடி மாட்டினால் தொகை ஏறிக்கொண்டே போகும். ஒரு டேங்க் முழுக்கத் திருட்டு டீசல் போட்டாலும் மிச்சமாவது சொற்ப டாலர்தான். அதற்கு ஆயிரம் டாலர் அபராதம் என்பது, கணக்குத் தெரிந்த எவரும் செய்யக் கூடாத காரியம் என்று சொல்லும் தொகை. ஒரு சுவாரசியம்: பெரும் புயல் அடித்து டீசல் கிடைக்காமல் போனால், அங்கே வரித்துறையே சில வாரங்களுக்கு இந்த அபராதத்தை நிறுத்திவைக்கும். டீசல் டீசல்தான், தகராறு வரியில்தான் என்பதற்கு அதைவிட வேறு சாட்சி வேண்டாம்.

இந்தச் சாயம் அங்கே வந்ததே டிரைவர்களுக்குப் பயந்து இல்லை. எண்பதுகளில் நியூயார்க் வட்டாரத்தில் குற்றக் கும்பல்கள் பேருக்கு ஏழெட்டு கம்பெனிகளைத் தொடங்கி, ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு டீசலைக் காகிதத்தில் விற்றுக்கொண்டே போகும். வரி கட்ட வேண்டிய கம்பெனி எது என்று அதிகாரிகள் தேடிப் போகும்போது அந்த முகவரியில் ஆளே இருக்காது. அதனால் 1994 ஜனவரியிலிருந்து, டெர்மினல் எனும் எண்ணெய்க் கிடங்கில், லாரியில் எண்ணெய் ஏற்றும் இடத்திலேயே வரி என்று மாற்றினார்கள். வரி கட்டாமல் வெளியே போகும் எண்ணெய்க்கு அங்கேயே சாயம் கலந்துவிட வேண்டும். கேட்டைத் தாண்டிய ஒவ்வொரு லிட்டரும் ஒன்று வரி கட்டியிருக்கும், இல்லையென்றால் சிவப்பாக இருக்கும்.

பிரிட்டனில் வித்தியாசம் இன்னும் பெரிது. 2022 மார்ச்சில் வைத்த கணக்கின்படி சாதாரண டீசலுக்கு லிட்டருக்கு 52.95 பென்ஸ் வரி, சிவப்புக்கு 10.18 பென்ஸ். லிட்டருக்கு 43 பென்ஸ் அளவுக்குச் சும்மா கிடக்கிறது. அடுத்த மாதமே கட்டுமானத் துறை உட்படப் பலருக்கும் அந்தச் சலுகையை நிறுத்திவிட்டார்கள். விவசாயிக்கு இன்னும் உண்டு. அவர் விவசாய வேலையாக டிராக்டரை ரோட்டில் ஓட்டிப் போனாலும் தப்பில்லை. எல்லை தாண்டி அயர்லாந்துக்குப் போனால் சலுகை டீசலின் நிறம் பச்சை. இரண்டு பக்கமும் நிறம் இருக்கிற அந்த எல்லையில்தான் நிறத்தைக் கழுவும் தொழில் செழித்தது. அமிலம், வெளுக்கும் களிமண், பூனைகளுக்குக் கழிப்பிடத்தில் போடும் மண் என்று எதை எதையோ கலந்து வடிகட்டிச் சாயத்தை எடுப்பார்கள். மிஞ்சும் நச்சுச் சேற்றை ராத்திரியோடு ராத்திரியாகச் சாலையோரம் கொட்டிவிட்டுப் போவார்கள். வடக்கு அயர்லாந்தின் தெற்கு அர்மா பகுதி இதற்கே பேர் போனது. 2015-இல் இரு நாடுகளும் சேர்ந்து, கண்ணுக்குத் தெரியாத, கழுவ எளிதில் மசியாத ஒரு அடையாளப் பொருளைக் கலக்கத் தொடங்கின.

இப்போது நம் ஊருக்கு வருவோம். டிரைவர் கேட்டது சரிதான், இங்கே சிவப்பு டீசல் இல்லை. மும்பை மெட்ரோவுக்குக் குழி தோண்டும் எந்திரமும், விதர்பாவில் பருத்திக் காட்டை உழும் டிராக்டரும், கலம்போலியில் நிற்கும் பதினாறு சக்கர லாரியும் ஒரே டீசலைத்தான் எரிக்கின்றன, ஒரே வரியைத்தான் கட்டுகின்றன. மத்திய அரசின் கலால் வரி, அதன் மேல் மாநில அரசின் விற்பனை வரியான வாட். 2017 ஜூலையில் ஜி.எஸ்.டி. வந்தபோது பெட்ரோல், டீசல், கச்சா எண்ணெய், இயற்கை எரிவாயு, விமான எரிபொருள் ஐந்தையும் வெளியே நிறுத்திவிட்டார்கள். கலால் வரிக்குள்ளேயே சாலைக்கென்று ஒரு செஸ், அதாவது தனி வரி, உண்டு. தொண்ணூறுகளின் இறுதியில் லிட்டருக்கு ஒரு ரூபாயில் ஆரம்பித்தது, 2018-இல் 8 ரூபாய் வரை போனது. தார்ச்சாலையையே பார்க்காத பம்ப்செட்டும் அந்தச் செஸ்ஸைக் கட்டியது. நியாயம் என்று பார்த்தால் இது அமெரிக்க ஏற்பாட்டைவிட மோசம். ஆனால் ஒரு வசதி இருக்கிறது. டீசலுக்குள் இரண்டு விலை இல்லாதவரை, ஒரு டேங்கிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றி யாருக்கும் லாபமில்லை.

இரண்டு விலை வந்த நாட்களில் என்ன நடந்தது என்பதையும் பார்த்துவிட்டோம், அதுவும் தலைகீழாக. 2013 ஜனவரியில் மத்திய அரசு, மொத்தமாக வாங்கும் ரயில்வே, போக்குவரத்துக் கழகங்கள் போன்றவர்களுக்கு மானியம் இல்லை, சந்தை விலைதான் என்று சொன்னது. பங்கில் விற்கும் டீசலுக்கு மானியம் தொடர்ந்தது. உடனே தமிழ்நாட்டு அரசுப் பேருந்துகள் டிப்போவில் டீசல் போடுவதை விட்டுவிட்டு, சாலையோரப் பங்குகளில் பைக்குகளுக்குப் பின்னால் வரிசையில் நின்றன. அந்தக் காட்சி பலருக்கு நினைவிருக்கும். 2014 அக்டோபரில் டீசல் விலையை மொத்தமாகவே விடுவித்தபோது அந்தக் கூத்து நின்றது. அப்புறம் 2022 மார்ச். உக்ரைன் போரால் கச்சா எண்ணெய் ஏறியது, தேர்தல் காலத்தில் பங்கில் விற்கும் விலையை ஏற்றாமல் வைத்திருந்தார்கள், மொத்த விலை மட்டும் ஒரேயடியாக லிட்டருக்கு 25 ரூபாய் போல ஏறியது. மும்பையில் பங்கில் 94.14 ரூபாய், மொத்தமாக வாங்கினால் 122.05 ரூபாய். மால்களும் பேருந்து நிறுவனங்களும் மறுபடி பங்குக்கு வந்தன. மற்ற நாடுகளில் சாலைக்கு வராத டீசல் மலிவாக இருந்து சாலைக்கு ஓடிவரும். இங்கே சாலை டீசல் மலிவாகி, சாலைக்கு வராத ஜெனரேட்டருக்குப் போனது.

ஆனால் நம் நாட்டின் உண்மையான சிவப்பு டீசல் டீசலே இல்லை. அது நீல மண்ணெண்ணெய்.

டீசல் எஞ்சின் கொஞ்சம் பெருந்தீனிக்காரன். மண்ணெண்ணெயைக் கலந்தாலும் ஓடும். பழைய எஞ்சினாக இருந்தால் டிரைவருக்குச் சட்டென்று தெரியக்கூடத் தெரியாது. இந்த ஒரு குணம் போதும், அடுப்புக்கும் விளக்குக்கும் என்று அரசு மானியத்தில் கொடுத்த எண்ணெய் லாரிக்குப் போவதற்கு. 2011 தொடக்கத்தில் ரேஷன் மண்ணெண்ணெய் லிட்டர் 12 ரூபாய் சொச்சம், டீசல் 40 ரூபாய்க்குச் சற்று முன்பின். லிட்டருக்கு 28 ரூபாய் என்று வைத்துக்கொள்ளுங்கள். 12,000 லிட்டர் டேங்கரில் 2,000 லிட்டரை மட்டும் மாற்றினால் 56,000 ரூபாய். ஒரு ராத்திரி, ஒரு டாபா வாசல், ஒரு மோட்டார், ஒரு ஹோஸ். வேறு முதலீடு கிடையாது. தேசியப் பயன்பாட்டுப் பொருளாதார ஆராய்ச்சிக் குழு 2005-இல் போட்ட கணக்கில், ரேஷனுக்கென்று ஒதுக்கிய மண்ணெண்ணெயில் சுமார் 38 சதவீதம் போக வேண்டிய வீட்டுக்குப் போகவில்லை. நான் வரிசையில் நின்றுவிட்டு "ஸ்டாக் இல்லை" என்ற அட்டையைப் பார்த்துத் திரும்பிய நாட்கள் இந்த 38-க்குள் எங்கோ இருக்கின்றன.

நீலச் சாயம் அதைத் தடுக்கத்தான். சாயத்தைக் களிமண்ணிலும் கரியிலும் வடிகட்டி எடுக்க இங்கேயும் ஆட்கள் இருந்தார்கள், அயர்லாந்து எல்லைக்காரர்கள் ஒன்றும் புதிதாகக் கண்டுபிடிக்கவில்லை. 2006 அக்டோபரில் மத்திய அரசு ஒரு படி மேலே போய், கண்ணுக்குத் தெரியாத ஒரு அடையாள ரசாயனத்தை மண்ணெண்ணெயில் கலந்தது. பங்குகளில் மாதிரி எடுத்துச் சோதித்தால் ரேஷன் எண்ணெய் கலந்திருப்பது தெரிந்துவிடும். அதையும் நீக்கிவிட முடியும் என்று கண்டுகொண்டதும் 2008 இறுதியோடு திட்டத்தை மூடினார்கள்.

சோதிக்கப் போன மனிதர்களுக்கு நேர்ந்ததையும் சொல்ல வேண்டும். கோலார் தங்கவயலில் வளர்ந்த மஞ்சுநாத் சண்முகம், லக்னோ ஐ.ஐ.எம்-இல் படித்துவிட்டு இந்தியன் ஆயிலில் விற்பனை அதிகாரியாக உத்தரப் பிரதேசத்தில் வேலை பார்த்தவர். லக்கிம்பூர் கேரி மாவட்டத்தில் கலப்படம் செய்த ஒரு பங்கின் மேல் நடவடிக்கை எடுத்தார். 2005 நவம்பர் 19 அன்று அவரைச் சுட்டுக் கொன்றார்கள். ஐந்தே கால் வருடம் கழித்து, 2011 ஜனவரி 25, குடியரசு தினத்துக்கு முந்தைய நாள், மகாராஷ்டிரத்தில் மாலேகாவ் கூடுதல் ஆட்சியர் யஷ்வந்த் சோனாவணே மன்மாட் பக்கத்தில் போய்க்கொண்டிருந்தபோது ஒரு டாபா அருகே எண்ணெய் திருட்டு நடப்பதைப் பார்த்து வண்டியை நிறுத்தினார். அவர் மேல் எண்ணெயை ஊற்றிக் கொளுத்திவிட்டார்கள். மன்மாடில் ஏன் என்றால், மும்பை மாஹுல் சுத்திகரிப்பு ஆலையிலிருந்து குழாய் வழியே வரும் எண்ணெய் அங்கேதான் டேங்கர்களில் ஏறுகிறது. பைப்லைன் எங்கே முடிகிறதோ அங்கே ஹோஸ் தொடங்குகிறது.

அந்த நாட்களில் மகாராஷ்டிரம் முழுக்க ரெய்டு நடந்தது. இரண்டு மாதம் டாபாக்காரர்கள் அடங்கியிருந்தார்கள் என்று கேள்வி. நிலைமையை உண்மையில் மாற்றியது ரெய்டு இல்லை. 2016 முதல் ரேஷன் மண்ணெண்ணெய் விலையை 25 பைசா, 25 பைசாவாகச் சத்தமில்லாமல் ஏற்றிக்கொண்டே வந்தார்கள். 2020 மார்ச்சில் அதில் மானியமே மிச்சமில்லை. அதற்குள் வீடுகளுக்குக் கேஸ் சிலிண்டர் வந்திருந்தது. டெல்லி 2014-லேயே மண்ணெண்ணெய் இல்லாத நகரம் என்று அறிவித்துக்கொண்டது. 28 ரூபாய் இடைவெளி போனதும் நீல எண்ணெயைத் தேடி லாரி வருவது தானாகக் குறைந்தது. சிலிண்டர் வாங்க முடியாத குடும்பத்துக்கு இது எவ்வளவு பெரிய இடி என்பது வேறு கட்டுரைக்கான விஷயம், ஆனால் அதை மறைத்துவிட்டு இந்த வெற்றியைக் கொண்டாட எனக்கு மனம் வரவில்லை.

ஒரு இடைவெளி மூடினால் இன்னொன்று திறக்கும் என்பதற்கு ரொம்ப நாள் காத்திருக்க வேண்டியிருக்கவில்லை. 2020 மார்ச்சில் டீசல் மேல் கலால் வரி லிட்டருக்கு 3 ரூபாய் ஏறியது, மே மாதம் ஒரே நாளில் 13 ரூபாய். மொத்தம் 31.83 ரூபாய், மாநில வாட் சேர்க்காமலே. கொரோனா காலம், லாரிகளுக்கு லோடும் இல்லை. அப்போதுதான் குஜராத்திலும் மகாராஷ்டிரத்திலும் நெடுஞ்சாலையோரம் 'பயோடீசல்' என்று போர்டு வைத்த பம்புகள் முளைத்தன. உள்ளே பெரும்பாலும் தாவர எண்ணெயும் இல்லை, ஒன்றும் இல்லை. தொழிற்சாலை உபயோகத்துக்கு என்று இறக்குமதி செய்த ஒருவகைப் பெட்ரோலிய எண்ணெய். டிரைவர்கள் வாயில் அது 'ரெண்டாம் நம்பர் டீசல்'.

அதன் லாபம் எங்கிருந்து வந்தது என்று பார்த்தால் வரிச் சட்டத்தின் நடுவே போட்ட சுவர் தெரியும். டீசல் ஜி.எஸ்.டி-க்கு வெளியே, கலாலும் வாட்டும் கட்ட வேண்டும். மசகு எண்ணெய்க்கான மூலப்பொருள் போன்ற தொழிற்சாலை எண்ணெய்கள் ஜி.எஸ்.டி-க்கு உள்ளே, 18 சதவீதம். இரண்டுமே எஞ்சினில் எரியும். சுவருக்கு இந்தப் பக்கம் இருக்கிறதை அந்தப் பக்கம் விற்றால் நடுவில் உள்ள வரி முழுவதும் விற்றவர் பைக்கு. அமெரிக்காவில் சாயம் போட்ட டீசலை ரோட்டில் ஓட்டுவதும் இதுவும் அடிப்படையில் ஒரே திருட்டு, இங்கே சாயத்துக்குப் பதில் இன்வாய்ஸில் எழுதிய பெயர்தான் அடையாளம். 2019 ஏப்ரலிலேயே மத்திய அரசு சுத்தமான பயோடீசலை மட்டும், டீசலில் கலப்பதற்கென்று மட்டும் விற்கலாம் என்று விதி போட்டிருந்தது. 2021-இல் குஜராத் அரசு பரவலாகச் சோதனை நடத்திப் பல பம்புகளை மூடியது. 2021 நவம்பரில் கலால் 10 ரூபாயும் 2022 மே மாதம் 6 ரூபாயும் குறைந்தபோது அந்த வியாபாரத்தின் ருசியும் குறைந்தது.

டிரைவர்கள் இதைப் போட்டார்களா என்றால், சிலர் போட்டார்கள். வாடகையில் டீசல்தான் பெரிய செலவு, முதலாளி கொடுப்பது கணக்கான காசு. பி.எஸ் என்பது வண்டிப் புகைக்கு அரசு வைத்த தர எண். பழைய பி.எஸ்-3 வண்டி என்றால் புகையோடு தப்பிக்கும். பி.எஸ்-6 வண்டியில் அது தற்கொலை. 2020 ஏப்ரல் முதல் நாடு முழுக்க விற்கும் டீசலில் கந்தகம் பத்து லட்சத்தில் 10 பங்குக்கு மேல் இருக்கக் கூடாது. எஞ்சினுக்குள் டீசலை அழுத்திச் செலுத்தும் காமன் ரெயில் பம்பும் இன்ஜெக்டரும் தலைமுடியைவிட மெல்லிய இடைவெளியில் ஓடுகின்றன, அவற்றுக்கு மசகே டீசல்தான். மண்ணெண்ணெய் மெல்லியது, மசகுத்தன்மை குறைவு. உலோகம் உலோகத்தோடு உரசிப் பம்ப் இறுகிவிடும். கந்தகம் கூடினால் புகைப்போக்கியில் இருக்கும் வடிகட்டியும் யூரியா தெளிக்கும் பகுதியும் கெட்டுப்போகும். லிட்டருக்கு இருபது ரூபாய் மிச்சம் பிடித்து, மெக்கானிக்கிடம் லட்சத்தில் கொடுத்த கதை கலம்போலியிலும் வடாலா டிரக் டெர்மினஸிலும் டீக்கு ஒன்று கேட்கலாம்.

மும்பை போன்ற துறைமுக ஊர்களுக்கு உரிய இன்னொரு வழியும் இருக்கிறது, கடல். வெளிநாடு போகும் கப்பல் தன் பயணத்துக்கு வைத்திருக்கும் எரிபொருளுக்குச் சுங்கச் சட்டம் வரி கேட்பதில்லை. அதுவும் ஒரு வகையில் வரியில்லாத, சாலைக்கு வராத டீசல்தான். நங்கூரமிட்ட கப்பலிலிருந்து ராத்திரி ஒரு சின்னப் படகில் சில ஆயிரம் லிட்டர் இறங்கினால், கரையேறும்போது அதன் மதிப்பு இரட்டிப்பு. துறைமுகத்தை ஒட்டிய எல்லோ கேட் காவல் நிலையத்துக்கு இந்த வழக்குகள் புதிதல்ல. ஆனால் கப்பல் எண்ணெய் லாரிக்கு ஏற்றது இல்லை. 2020 ஜனவரியில் உலகம் முழுக்கக் கப்பல் எரிபொருளில் கந்தகத்தை இறுக்கிக் குறைத்த பிறகும் அனுமதித்த அளவு 0.5 சதவீதம். லாரி டீசலுக்கு உள்ளதைப் போல 500 மடங்கு. எல்லாக் கப்பல் டீசலும் அவ்வளவு மோசமில்லை, ஆனால் பீப்பாயில் வந்ததற்கு யார் சான்றிதழ் கொடுப்பார்கள்?

கடலில் நேர்மையாக டீசல் எரிப்பவர்கள் மீனவர்கள். அவர்களுடைய படகு எந்தச் சாலையையும் தேய்ப்பதில்லை, ஆனாலும் டீசல் விலையில் சாலைக்கான பங்கு உண்டு. மாநிலங்கள் தங்கள் வரியை மட்டும் விட்டுக்கொடுக்கின்றன, அதிலும் இரண்டு வழி. தமிழ்நாட்டில் மீனவர்களுக்கென்று உள்ள பங்கில் வரியைக் கழித்தே கொடுப்பார்கள், படகுக்கு வருடத்துக்கு இவ்வளவு என்று அளவு வைத்து. விசைப்படகுக்கு 18,000 லிட்டராக இருந்ததை 2023-இல் 19,000 என்று உயர்த்தி அறிவித்தார்கள். மகாராஷ்டிரத்தில் முதலில் முழு விலையையும் கொடுத்து மீனவர் கூட்டுறவுச் சங்கத்தின் பம்பில் போட வேண்டும், வாட் தொகை பிறகு திரும்ப வரும். மராட்டியில் அதன் பெயர் பரதாவா. மும்பையின் சஸூன் டாக் மீன் துறைமுகத்தில் எந்தக் கோளி மீனவரிடம் பேச்சுக் கொடுத்தாலும் ஐந்தாவது நிமிடத்தில் அந்தச் சொல் வந்துவிடும், பெரும்பாலும் 'இன்னும் வரவில்லை' என்ற சொல்லோடு சேர்ந்து.

வரித்துறையின் கோணத்தில் பார்த்தால் மகாராஷ்டிர வழி கெட்டிக்காரத்தனம். பம்பில் ஒரே விலை இருப்பதால் அந்த டீசலை லாரிக்கு விற்று லாபம் பார்க்க வழியில்லை, சாயமும் தேவையில்லை, டேங்கில் குழாய் விடும் அதிகாரியும் தேவையில்லை. தமிழ்நாட்டு வழியில் கொஞ்சம் கசிவுக்கு இடமிருக்கிறது, அதனால்தான் அந்த லிட்டர் கணக்கு. ஆனால் கசிவைத் தடுக்கும் செலவை யார் தலையில் வைக்கிறோம் என்று பார்த்தால் எனக்குத் தமிழ்நாட்டு வழிதான் மேல் என்று படுகிறது. மகாராஷ்டிரத்தில் ஜூன், ஜூலையில் மீன்பிடித் தடை. அது முடிந்து படகை இறக்கும்போது டீசலுக்கும் ஐஸுக்கும் கடன் வாங்க வேண்டும். அரசிடம் தன் பணம் மாதக் கணக்கில் கிடக்க, அவர் வட்டிக்கு வாங்கி அரசுக்கு வரி கட்டுகிறார். 2022 மார்ச்சில் இது உச்சத்துக்குப் போனது. சங்கங்கள் மொத்தமாக வாங்குகிறவர்கள் என்ற கணக்கில் வந்ததால், மீனவருக்கு மலிவாகக் கொடுக்க இருந்த பம்பில் விலை தெருமுனைப் பங்கைவிட அதிகமானது.

கலப்படம் செய்தவர் மேல் அத்தியாவசியப் பொருட்கள் சட்டம் பாயும், ஏழு வருடம் வரை சிறை. ரேஷன் மண்ணெண்ணெயைச் சமையலுக்கும் விளக்குக்கும் தவிர வேறெதற்கும் உபயோகிக்கக் கூடாது என்று 1993 உத்தரவு சொல்வதால், அதை வண்டியில் ஊற்றியவரும் தப்ப முடியாது. ஆனால் தெரியாமல் போட்டுக்கொள்ளும் வண்டிக்காரர்தான் அதிகம். அவருக்கு ஒரு வழி உண்டு. எந்தப் பங்கிலும் அடர்த்தி பார்க்க வேண்டும் என்று கேட்கலாம். கண்ணாடி ஜாடி, ஹைட்ரோமீட்டர், தெர்மாமீட்டர் மூன்றையும் கொண்டுவர வேண்டியது அவர்கள் கடமை. 15 டிகிரிக்கு மாற்றிய அடர்த்தி, டேங்கர் ரசீதில் உள்ளதிலிருந்து 3 புள்ளிக்கு மேல் தள்ளியிருக்கக் கூடாது. மண்ணெண்ணெய் டீசலைவிட லேசு என்பதால் கணிசமாகக் கலந்திருந்தால் எண் கீழே இறங்கிக் காட்டும். கேட்டால் முறைப்பார்கள், அதைப் பொருட்படுத்தாமல் கேட்க வேண்டும்.

இதையெல்லாம் நாமக்கல் டிரைவரிடம் சொல்லி முடித்தபோது அவருக்கு வேறொன்று நினைவுக்கு வந்தது. சட்டப்படியே மலிவு டீசல் தேடும் வழி ஒன்று எல்லா டிரைவருக்கும் தெரியும், மாநில எல்லை. அகமதாபாத் பக்கம் போகிறவர்கள் குஜராத்தில் போடுவார்கள், முன்பெல்லாம் தெற்கிலிருந்து வருகிறவர்கள் கர்நாடகத்தை விட்டு ஏறும்முன் நிப்பாணியில் டேங்கை வாய்வரை நிரப்பிக்கொள்வார்கள். கடைசிப் பங்கில் தமிழ்நாடு, மகாராஷ்டிரா வண்டிகளின் வரிசை நெடுஞ்சாலை வரை நிற்கும். 2021 செப்டம்பரில் லக்னோவில் கூடிய ஜி.எஸ்.டி. கவுன்சிலில் டீசலையும் உள்ளே கொண்டுவரும் பேச்சு எழுந்தது, மாநிலங்கள் ஒத்துக்கொள்ளவில்லை, அதனால் ஆளுக்கொரு வரி நீடிக்கிறது. ஆனால் 2024 ஜூலையில் மகாராஷ்டிரம் மும்பை வட்டாரத்தில் டீசல் வாட்டை 24-லிருந்து 21 சதவீதமாகக் குறைத்தது. கர்நாடகம் 2024 ஜூனில் 3 ரூபாய், 2025 ஏப்ரலில் 2 ரூபாய் என்று ஏற்றிவிட்டது.

"இப்பல்லாம் நிப்பாணியில பிரேக்கே போடறது இல்லண்ணே" என்றார் அவர். "டீக்கு மட்டும்தான் நிப்பாட்டறது."